கம்ப்யூட்டர் லேபுக்குப் பூசை போட்ட மறுநாள்

நர்கிஸ் வீட்டை விட்டுக் கிளம்புவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வேடிக்கை பார்ப்பார்கள். கேஸை அடைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். செருப்பில் ஒரு காலை நுழைத்ததும் அடைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். அடைத்துத்தான் இருக்கும். மறுபடி வாசல், மறுபடி செருப்பு, மறுபடி சந்தேகம். "நீ போ தாயி, சிலிண்டர நான் மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று மாமியார் சைதுன் பீவி கேலி செய்வார். நர்கிஸுக்குச் சிரிப்பு வராது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த சிலிண்டரும் அவள் கூடவே நடந்து வரும்.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. அவளைப் பெற்ற அத்தா நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் டிவிஎஸ் வண்டியில் ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். இருட்டிய பிறகு அந்த வண்டிச் சத்தம் கேட்கும்வரை வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் ஹாஜா நஜ்முதீன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். வண்டிச் சத்தத்துக்குப் பதில் போன் சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். காத்திருந்து பயப்படுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு அவள் பொறுப்பு. நாற்பது கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஒரு ஏசி, அந்த ஏசிக்கு அடியில் வைக்க ஒரு வாளி. எதையும் இரண்டு இடத்தில் சேமித்து வைப்பாள். பிள்ளைகள் அழித்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் மூன்றாவது இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாள். பயந்த ஆளிடம் கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கும். மனுசரும் பத்திரமாக இருப்பார்களா என்பது வேறு விசயம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருசம் கல்லூரிக்கு ஒரு யோகம் அடிக்கப் பார்த்தது. வேலைக்கான பரீட்சைகளை ஆன்லைனில் நடத்தும் ஒரு கம்பெனி இந்தப் பக்கத்தில் மையம் தேடிக்கொண்டிருந்தது. எந்தப் பரீட்சை என்றாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் காரியாபட்டி வழியாக மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறது, இங்கேயே வந்துவிட்டால் நல்லதுதானே. கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: லேபில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது விண்டோஸ் இருக்க வேண்டும், எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். லேபில் இருந்ததோ ஆயுசு முடியப்போகிற பழைய விண்டோஸ்.

தாளாளர் காளிராஜ், லேபையே மதுரையில் உள்ள ஒரு சர்வீஸ் கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனையில் இருந்தார். "அவுக ஆளு வந்து எல்லாத்தையும் பாத்துக்கிருவாக. நமக்குத் தலவலி விட்டுச்சு" என்றார். லேப் கைமாறினால் தன் நாற்காலியும் கைமாறும் என்பது நர்கிஸுக்கு உடனே புரிந்தது. மகள் சுமையாவின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து, எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. 'பார்க்கலாம் சார்', 'முடிஞ்சா செய்யலாம் சார்' என்றே பேசிப் பழகியவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையை இழுக்காமல் சொல்லிவிட்டாள்.

"நானே முடிச்சுத் தாரேன் சார். ஒரு நாள் போதும்."

"ஒரே நாள்லயா? நாப்பதையுமா?"

"ஒவ்வொண்ணா உக்காந்து போட மாட்டேன் சார். வயர் வழியா எல்லாத்துக்கும் ஒண்ணாப் போகும்."

காளிராஜ் மீசையைத் தடவினார். "சரிம்மா. பூச லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழம மூணு மணிக்கு பரீட்ச கம்பெனி ஆளுக பாக்க வாராக. அன்னைக்கு ஓடலன்னு வையி, லேபு மதுரைக்காரன் கைக்குப் போயிரும். அப்புறம் என்னையக் குத்தஞ் சொல்லக்கூடாது."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வாயில் வராமல் போன இன்ஷா அல்லாஹ்வை அப்புறம் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவள் சொன்னது ஒன்றும் உலகத்தில் இல்லாத வித்தை அல்ல. ஒரு கம்ப்யூட்டரை வேண்டியபடி தயார் செய்து, அதை அப்படியே படி எடுத்து சர்வரில் வைத்துவிட வேண்டும். அந்தப் படிக்கு இமேஜ் என்று பேர். மற்ற கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் வழியாக எழுந்திருக்கச் சொன்னால், ஒவ்வொன்றும் கண்ணைத் திறந்ததும் வயரில் ஒரு குரல் கொடுக்கும்: 'நான் வந்திருக்கிறேன், எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள், எங்கே போய் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.' சர்வர் நம்பரும் கொடுத்து இமேஜையும் இறக்கிவிடும். பழையது அழிந்து புதியது ஏறும். கல்லூரியில் சர்வர் வாங்கித் தருவதற்கு முன்னாலேயே நர்கிஸ் தன்னுடைய சொந்த லேப்டாப்பையே சர்வராக்கி, பழைய விண்டோஸை வைத்து வீட்டில் இதைச் செய்து பழகியிருந்தாள். அது சரியாக ஓடிய பிறகுதான் அந்த அமைப்புகளை ஒரு புள்ளி மாறாமல் கல்லூரி சர்வரில் ஏற்றி, இமேஜை மட்டும் புது விண்டோஸாக வைத்தாள். லேப்டாப்பில் இருந்ததை அழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

பூசை லீவிலேயே வேலையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். அதற்குக் குறுக்கே வந்தவர் பால்ச்சாமி.

பால்ச்சாமி அந்தக் கல்லூரியின் அட்டெண்டர். திருச்சுழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் காடு வைத்திருந்து, மழையை நம்பி விதைத்து, மழையிடமே விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். கல்லூரியில் மணி அடிப்பது, லேபைத் திறப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். சரசுவதி பூசை என்றால் மனுசனுக்குக் கால் தரையில் பாவாது. ஒவ்வொரு மானிட்டரையும் துடைத்துச் சந்தனம் வைத்து, மவுசுக்கெல்லாம்கூடக் குங்குமம் வைப்பார்.

"நாளைக்கு வேல பாக்கணும்ணே" என்றாள் நர்கிஸ்.

"ஆயுதத்துக்கு ஓய்வும்மா. அன்னைக்குத் தொடப்படாது. விசயதசமிக்கு மறுபூச போட்டப்புறம்தான் எடுக்கணும்" என்றார் அவர். "உங்க பொட்டியையும் தாங்க. வருசா வருசம் அதுக்கும் சேத்துத்தான வைக்கிறோம்."

அவள் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் காளிராஜே அனுமதித்திருப்பார். ஆனால் வருசா வருசம் தன் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு போய் மற்றதோடு மற்றதாகப் பொட்டு வைக்கிற மனுசரிடம் மல்லுக்கட்ட அவளுக்கு மனசு வரவில்லை. லேப்டாப்பை அணைத்து லேப் வயரிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, எதை எங்கேருந்து எடுத்தீகளோ அதே இடத்துல, அதே வயரோட வைக்கணும். ஒரு வயரு மாறக்கூடாது."

"மாறாதும்மா."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "என்னோட லேப்டாப்பும் அப்படித்தான். எப்படி இருந்துச்சோ அப்படி."

"சரிம்மா."

பஸ் ஏறியதும் போன் போட்டு இன்னொரு தடவை சொன்னாள். பால்ச்சாமி சலித்துக்கொள்ளவில்லை. வைத்தது வைத்தபடி வைக்கிறேன் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். லேப் கோயில் மாதிரி மணத்தது. எல்லா மானிட்டரிலும் சந்தனம், கதவில் மாவிலை. வயர்களை எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒதுக்கிக் கட்டியிருந்தார் பால்ச்சாமி. அவளுடைய லேப்டாப் மூலை மேசையில் மூடிய வாக்கில் இருந்தது, மேலே ஒரு முழம் செவ்வந்தி. பூவைக் கலைக்க வேண்டாம் என்று அதைத் தொடாமல் விட்டாள்.

சர்வரைப் போட்டாள். ஒரு வரிசைக் கம்ப்யூட்டர்களைப் போட்டுப் பார்த்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின, நம்பர் வாங்கின, இமேஜ் இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிஸ்மி சொல்லி மீதி வரிசைகளையும் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் திரும்பி வர வழி கிடையாது. இமேஜ் இறங்க ஆரம்பிக்கும்போதே கம்ப்யூட்டரில் இருந்த பழையது அழிந்துவிடும்.

முதலில் நின்றது ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர். பாதி இறங்கியிருக்கும்போது தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்லி நின்றது. வயர் லூசாக இருக்கும் என்று அழுத்திவிட்டு மறுபடி போட்டாள். அதற்குள் அடுத்த வரிசையில் இரண்டு நின்றன. அவற்றைப் பார்க்கப் போனால் பின்னால் ஒன்று. சில கம்ப்யூட்டர்கள் ஆமையாக ஊர்ந்தன. சில நம்பரே வாங்காமல் கறுப்பாக முழித்தன. ஒன்றைச் சரி செய்தால் ஒன்று விழுந்தது. எது ஏன் விழுகிறது என்று சொல்ல ஒரு ஒழுங்கும் இல்லை.

நர்கிஸின் உள்ளங்கை வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வயரை மாற்றிப் பார்த்தாள். எல்லா வயரும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியை அணைத்துப் போட்டாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டே இரண்டை மட்டும் போட்டாள். இரண்டும் அழகாக ஓடின. ஆகா என்று நாலாக்கினாள். நாலில் ஒன்று நின்றது. நின்றதையே மறுபடி போட்டால் இப்போது அது ஓடியது, முன்னே ஓடியது நின்றது. பிசகு ஒரே இடத்தில் இருந்தால் பிடித்துவிடலாம். இது இடம் மாறிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டுச் சர்வரில் போய்ப் பார்த்தாள். யார் யார் வந்து வாங்கினார்கள் என்று அது பதிவு செய்து வைத்திருக்கும். அதில் பாதிக் கம்ப்யூட்டர்களின் பேரே இல்லை. ஆனால் பேர் இல்லாத கம்ப்யூட்டர்களின் திரையில் இமேஜ் இறங்கிக்கொண்டிருந்தது! சர்வர் கொடுக்காமல் அவை யாரிடம் வாங்கின? நிதானத்தில் இருக்கிற நர்கிஸ் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். கேட்ட மறுநிமிசம் பிடித்தும் இருப்பாள். ஆனால் அப்போது அங்கே நின்றது சிலிண்டரைச் சுமந்துகொண்டு நடக்கிற நர்கிஸ். பழசும் போச்சு, புதுசும் வரல, மூணு மணிக்கு ஆள் வந்துவிடும் என்ற மூன்றைத் தவிர அவள் தலையில் ஒன்றும் ஏறவில்லை. சர்வரே கோளாறு என்று அந்தப் பதிவை மூடிவிட்டாள். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

காளிராஜ் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பாதித் திரைகளில் கறுப்பு, மீதியில் பெரும்பாலும் பிழைச் செய்தி.

"என்னம்மா இது? ஒரு கம்ப்யூட்டர் கூட ஓடல?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"பாத்துக்கிட்டு இருக்கியா? பழையதாவது இருக்கா, இல்ல அதையும் அழிச்சிட்டியா?"

பதில் அவர் கண் முன்னால்தான் இருந்தது.

"அன்னைக்கு என்ன சொன்ன? ஒரு நாள் போதும்னு சொன்னியா இல்லையா? மதுரைக்காரனுக்கு அப்பவே குடுத்திருக்கணும். என்னதான் கோளாறு? அதையாவது சொல்லு."

என்ன கோளாறு என்று தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் தெரியாது என்று சொன்னால் அந்த நிமிசமே கதை முடிந்துவிடும் என்று தோன்றியது. சுற்றிலும் பார்த்தாள். சுவிட்ச் பெட்டியின் நெற்றியில் இருந்த சந்தனம் கண்ணில் பட்டது.

"பூசைக்குத் துடைக்கயில எதையோ மாத்திட்டாங்க சார். வயரெல்லாம் கலைஞ்சிருக்கு" என்றாள்.

"யாரு?"

"பால்ச்சாமி அண்ணன்."

சொல்லி முடிக்கும்போதே அந்த வாக்கியம் தனக்குப் பழக்கமில்லாத யாரோ பேசியது மாதிரி அவளுக்குக் கேட்டது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் ஒரு நொடி குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பால்ச்சாமியை வரச் சொன்னார்கள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏய்யா, வயரு கியரெல்லாம் மாத்திச் சொருகி வச்சியா?"

"இல்லைங்கய்யா. ஒரு வயரு மாறல. இருந்தது இருந்தபடி வச்சேன். மறுபூசைக்கு எல்லாத்தையும் ஒரு வாட்டி ஓடவிட்டு..."

"ஓடவிட்டியா! யாரு உன்னைய ஓடவிடச் சொன்னது? கம்ப்யூட்டர் என்ன ஒன் பம்புசெட்டா?" காளிராஜின் குரல் வராந்தாவரை கேட்டது. "இனிமே இந்த லேபுக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. போ, கேட்டுல போயி நில்லு. நாளையிலருந்து ஒனக்குக் கேட்டு வேலதான்."

பால்ச்சாமி நர்கிஸைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த பார்வை. நர்கிஸ் கீபோர்டைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

காளிராஜும் போன பிறகு அவள் சுவிட்ச் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனாள். எதுவும் மாறியிருக்கவில்லை. ஒரு வயர் கலையவில்லை. பொய் சொன்னவளுக்கு அதைத் தானே சோதித்துப் பார்க்கிற தண்டனை. மத்தியான மணி அடித்தது. அடித்தவர் பால்ச்சாமி அல்ல என்பது மணியின் தாறுமாறான சத்தத்திலேயே தெரிந்தது. சாப்பாட்டுப் பை மேசையில் கட்டியபடியே கிடந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஆமையாக ஊர்ந்த ஒரு கம்ப்யூட்டர் வேலையை முடித்து, தானாக எழுந்தது. நர்கிஸ் திரும்பிப் பார்த்தாள். புது விண்டோஸ் இல்லை. பழைய விண்டோஸ். உள்ளே வரச் சொல்லும் இடத்தில் ஒரு பேர் இருந்தது: சுமையா.

அவளுடைய மகளின் பேர் இந்தக் கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பழகிப் பார்த்தபோது, "என்ன பேர் போடட்டும்" என்று விளையாட்டாகக் கேட்டதற்கு மகள் தன் பேரையே அடித்தாள். அந்த இமேஜ் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

மூலை மேசைக்கு ஓடினாள். செவ்வந்தியைத் தூக்கி எறிந்தாள். லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. பக்கத்தில் சார்ஜர், பின்பக்கம் நீல வயர், எடுத்தபோது இருந்தபடி, அவள் கேட்டுக்கொண்டபடி, லேபின் சுவிட்சில் சொருகியிருந்தது.

விசயதசமி அன்று எல்லா ஆயுதத்தையும் ஒரு தடவை ஓடவிட வேண்டும் என்பது முறை. பால்ச்சாமி அவள் பெட்டியையும் ஓரவஞ்சனை இல்லாமல் ஓடவிட்டிருக்கிறார், மூடினால் அணைந்துவிடும் என்று மூடியை மூடிப் பூ வைத்திருக்கிறார். எழுந்ததும், மூடி வைத்தாலும் தூங்காமல், தானாகச் சர்வர் வேலை பார்க்கும்படி அதைப் பழக்கி வைத்தவள் நர்கிஸ். கல்லூரி சர்வருக்கு அதே அமைப்பை ஒரு புள்ளி மாறாமல் ஏற்றியவளும் அவள்தான். கம்ப்யூட்டர்கள் குரல் கொடுத்தபோது இரண்டு சர்வர்களும் போட்டி போட்டுப் பதில் சொல்லியிருக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கதவிலக்கத்தை வேறு வேறு வீட்டுக்குக் கொடுத்தால் தபால்காரன் என்ன செய்வான்? அதுதான் நடந்தது. பாதி அறுந்ததும் ஊர்ந்ததும் இடம் மாறிய கோளாறும் எல்லாம் அதுதான்.

நீல வயரைப் பிடுங்கினாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, ஆனால் அவளுக்கு அது முடிகிற மாதிரியே தெரியவில்லை. நாற்பதையும் அணைத்து, சுவிட்சையும் சர்வரையும் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஓடி ஓடி நெட்வொர்க்கில் எழுப்பினாள். எல்லாம் தயார் என்று உறுதி செய்துகொண்டு ஒரே சமயத்தில் இமேஜை விட்டாள். நாற்பது திரையிலும் பட்டை ஒரே சீராக நகர்ந்தது. ஏதாவது ஒன்று நின்றுவிடுமோ என்று வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும், நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் மாற்றி மாற்றி நினைத்தாள். இரண்டாவது நினைப்புதான் அதிகம் பயமாக இருந்தது. லேப் ஓடிவிட்டால், பால்ச்சாமி விசயத்தில் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

கம்பெனி ஆட்கள் இருவரும் காளிராஜ் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கடைசித் திரை வெளிச்சமானது. அவர்கள் வந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிப் பார்த்தார்கள், ஏதோ குறித்துக்கொண்டார்கள், நல்லா இருக்கு சார் என்றார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த காளிராஜ் முகம் பூரித்துக் கிடந்தது.

"சாதிச்சிட்டியேம்மா! மதுரைக்காரனும் வேணாம் ஒருத்தனும் வேணாம். லேபு ஒன் கையிலேயே இருக்கட்டும்."

இதைக் கேட்கத்தானே அவள் இத்தனை நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டபோது இனிக்கவில்லை.

"சார், காலையில நான் சொன்னது தப்பு. பால்ச்சாமி அண்ணன் எதையும் மாத்தல. என்னோட லேப்டாப்புதான் சார் காரணம். அதை அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான்."

காளிராஜ் அவளைப் பார்த்துச் சிரித்தார். வாஞ்சையான சிரிப்பு. "ஒனக்குப் பெரிய மனசும்மா. அந்த ஆளு பொழப்பு போயிருமேன்னு பழிய ஒந்தலையில தூக்கிப் போட்டுக்கிற. அதெல்லாம் வேணாம். சம்பளத்தில கை வைக்க மாட்டேன். கேட்டுல நிக்கட்டும், அதுதான் அவனுக்குச் சரி."

"இல்ல சார், நிசமாவே..."

"விடும்மா. வேல முடிஞ்சிருச்சில்ல."

காலையில் பயத்தில் உளறியதைக் கேள்வி கேட்காமல் நம்பிய மனுசர், இப்போது நிதானமாகச் சொன்ன உண்மையை நம்ப மறுத்தார். பொய்க்கு இருந்த மதிப்பு உண்மைக்கு இல்லாமல் போனதைவிட, அந்த உண்மையைச் சொன்னதற்கும் தனக்கே நல்ல பேர் கிடைத்ததுதான் அவளைக் கொன்றது.

பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். பால்ச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"லேபு ஓடிருச்சாமே. வாட்சுமேன் சொன்னாரு. நல்லதும்மா" என்றார். "நானும் காலையிலருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கேன். எதையோ மாத்தித்தான் வச்சிருப்பேன் போல. கண்ணு முன்ன மாதிரி தெரியல பாருங்க."

அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க எதையும் மாத்தலண்ணே. என்னோட பெட்டிய ஓடவிட்டீகள்ல, அது ஓடுனா லேபே கெட்டுப்போற மாதிரி நான் ஒண்ண அதுக்குள்ள வச்சிருந்தேன். உங்ககிட்ட அதச் சொல்லல. வயரோட வைக்கச் சொன்னதும் நான்தான். தப்பு முழுக்க என்னோடது."

"அப்ப நான் மாத்தல?"

"இல்லண்ணே."

"இது காலையில ஐயா கேக்கயிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுண்ணே. மத்தியானந்தான் தெரிஞ்சது."

"தெரியாமயா எம்பேரச் சொன்னீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பயமா இருந்துச்சுண்ணே" என்றாள் நர்கிஸ்.

"எனக்கும்தாம்மா பயமா இருந்துச்சு. பொட்டிய அப்படி வைக்கச் சொன்னது நீங்கன்னு எனக்குத் தெரியும்ல. நான் உங்க பேரச் சொல்லலையே."

உள்ளேயிருந்து காளிராஜின் கார் ஹாரன் அடித்தது. பால்ச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார். நர்கிஸ் அவருக்கு முன்னால் போனாள். திறந்த கேட்டுக்கு நடுவே, காருக்கு வழி விடாமல் நின்றாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. அவள் நகரவில்லை. பால்ச்சாமி அண்ணனைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கார்க் கண்ணாடி இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.